தாம்பரத்தில் வீடு: கிழக்கா, முடிச்சூரா, வண்டலூரா?

தாம்பரத்தில் வீடோ மனையோ பார்க்க வருபவரிடம் தரகர் முதலில் சொல்வது சதுர அடி விலை. அதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். முதலில் தெரிய வேண்டியவை இரண்டு. நீங்கள் வேலைக்குப் போகும் இடம் தண்டவாளத்துக்குக் கிழக்கே இருக்கிறதா, மேற்கே இருக்கிறதா? பார்க்கும் மனையில் விழுகிற மழை எந்தப் பக்கம் ஓடுகிறது? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பார்க்க வேண்டிய தெருக்கள் பாதியாகக் குறைந்துவிடும். தெரியாமல் விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் ஒவ்வொரு ஐப்பசியிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இங்கே மூன்று பகுதிகளை ஒப்பிடுகிறோம். ஒன்று, கிழக்குத் தாம்பரம்: சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம். இரண்டாவது, மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர், வரதராஜபுரம் வரை. மூன்றாவது, பெருங்களத்தூரும் வண்டலூரும். மூன்றையும் விளம்பரங்களில் ‘தாம்பரம்’ என்றே போடுகிறார்கள். நிர்வாகத்தில் அப்படி இல்லை. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. அப்போது முடிச்சூரும் வண்டலூரும் அதில் சேரவில்லை, ஊராட்சிகளாகவே நின்றன. வரதராஜபுரம் மாவட்டமே வேறு. அது காஞ்சிபுரம், மற்றவை செங்கல்பட்டு. குப்பை வண்டி, குடிநீர் இணைப்பு, வீட்டு வரி, கட்டட அனுமதி எல்லாவற்றுக்கும் எந்த அலுவலகப் படி ஏறுவது என்பது இதைப் பொறுத்தது. அக்கம்பக்கத்து வீட்டின் சொத்து வரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த உள்ளாட்சி என்று அதிலேயே இருக்கும்.

தண்ணீர் ஓடும் திசை

பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை ரயில் பாதையும் ஜி.எஸ்.டி சாலையும் (சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை) போகிற நிலம் ஒரு மேட்டு முதுகு. பொதுவாகச் சொன்னால், அதற்குக் கிழக்கே விழும் மழை ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. மேற்கே விழுவது அடையாற்றுக்குப் போகிறது. விதிவிலக்கும் உண்டு. ஜி.எஸ்.டி சாலைக்குக் கிழக்கே கிடக்கிற பீர்க்கன்காரணை ஏரியின் உபரி நீர் மேற்கே திரும்பி, முடிச்சூர் பக்கம் போய் அடையாற்றில் விழுகிறது. பெருங்களத்தூரில் கொட்டும் மழைக்கு மேற்குத் தாம்பரத்தின் கால்வாய்கள் நிரம்புவது இதனால்தான்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் முடிச்சூரில் இருப்பவர்களுக்கு உறவினர்கள் போன் செய்வார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் திருநீர்மலைக்கு அருகில்தான் அடையாற்றில் சேர்கிறது. அது முடிச்சூருக்குக் கீழே. முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் வெள்ளம் வருவது மேலே இருந்து: ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் ஏரிகளின் கலங்கல் (ஏரி நிரம்பியதும் உபரி நீர் வழிந்தோடும் இடம்) வழியாக. அடையாறு தொடங்குவதே ஆதனூர் பக்கத்தில்தான். ஆகவே முடிச்சூரில் குடியிருப்பவர் கவனிக்க வேண்டியது செம்பரம்பாக்கத்தின் கன அடிக் கணக்கை அல்ல; ஆதனூரும் மணிமங்கலமும் நிரம்பிவிட்டனவா என்பதை. இந்த ஏரிகள் கலங்கல் தட்டிய பிறகு பெய்கிற ஒவ்வொரு பெருமழையும் நேரே ஆற்றுக்கு வரும். தேக்கி வைக்க மேலே இடம் இருக்காது.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. ஏற்கெனவே நவம்பர் மழையில் ஏரிகள் நிரம்பிக் கிடந்தன. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். 2021 நவம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதே பகுதிகளில் மீண்டும் தண்ணீர் நின்றது. நடுவில் ஆற்றை அகலப்படுத்தினார்கள், ஆழப்படுத்தினார்கள், மூடு கால்வாய்களும் கட்டினார்கள். அதனால் தண்ணீர் முன்பைவிடச் சீக்கிரம் வடிகிறது. வராமலே போய்விடும் என்று எழுதிக்கொடுக்க யாராலும் முடியாது.

கிழக்குத் தாம்பரம்

வேலை வேளச்சேரி, மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் என்றால் வேறு யோசனையே வேண்டாம், கிழக்குதான். வேளச்சேரி சாலையைப் பிடித்து மேடவாக்கம் கூட்டுச்சாலை போய், அங்கிருந்து சோழிங்கநல்லூருக்குத் திரும்பலாம். தண்டவாளத்தைக் கடக்கும் வேலை இல்லை. மேற்குத் தாம்பரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு ஓ.எம்.ஆர் என்னும் பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போகிறவர் காலையில் பாலத்தில் ஏறி இறங்குவதற்கே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

இந்தப் பக்கம் குடியிருப்பு பழையது. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல் நகரத்திலிருந்து இங்கே இடம் மாறியது. அதன் காட்டு வளாகம் இன்றும் சுற்றுப்புறத்துக்குக் குளிர்ச்சி தருகிறது. கல்லூரியை ஒட்டி வளர்ந்த தெருக்கள் அகலமாகவும் நேராகவும் இருக்கின்றன. மாடம்பாக்கத்துக்குச் சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது. பள்ளிகளும் அதிகம். விலையும் மூன்றில் இங்கேதான் அதிகம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கேம்ப் ரோடு சந்திப்பில் வேளச்சேரி சாலையும் அகரம்தென் சாலையும் கூடுகின்றன. மாடம்பாக்கம், அகரம்தென் பக்கம் எவ்வளவு உள்ளே போனாலும் வெளியே வர இந்தச் சந்திப்பைத்தான் பெரும்பாலும் நம்ப வேண்டும். மனை கேம்ப் ரோட்டிலிருந்து ‘அஞ்சே நிமிஷம்’ என்றால், அதை ஒரு திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு வண்டியில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மனை காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது.

அடுத்தது நிலத்தடி நீர். கீழே சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை. ஒரு வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் நன்றாக வரும், பத்தடி தள்ளி அடுத்த வீட்டில் தூசிதான் வரும். பாறையில் விரிசல் ஓடுகிற இடத்தில்தான் நீர் இருக்கும். சென்னை ஏரிகள் வற்றிய 2019 கோடை மாதிரி ஒரு வருடம் வந்தால் லாரித் தண்ணீர்தான். அடுக்ககத்தில் வீடு பார்க்கிறவர்கள் ஏப்ரல், மே மாதத்து லாரித் தண்ணீர்ச் செலவை சங்கக் கணக்குப் புத்தகத்தில் பார்க்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு விழுந்தது என்பது மறைக்க முடியாத கணக்கு.

கிழக்கிலும் எல்லாத் தெருவும் மேடு என்று நினைத்துவிடக் கூடாது. சிட்லபாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளுக்குக் கீழ்க்கரையில் இருக்கும் தெருக்கள் மழையில் நிரம்பும். ஆனால் இங்கே வருவது ஏரி நிரம்பி வழியும் தண்ணீர். முழங்கால் அளவுக்கு வந்து, மழை விட்டதும் இறங்கத் தொடங்கும். ஆறு புரண்டு வந்தால் நாட்கணக்கில் நிற்கும். இந்த வேறுபாடு வீட்டுச் சாமான்களுக்கு நன்றாகத் தெரியும்.

விமானப்படைத் தளத்தை ஒட்டிய பகுதியில் மனை வாங்குகிறவர்கள் தளத்தின் தடையின்மைச் சான்று தேவையா, எத்தனை மாடி கட்டலாம் என்பதைக் கட்டட அனுமதிக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி விமானங்களின் சத்தம் வார நாட்களில் இருக்கும். கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் வீடென்றால் ஒரு வார நாள் முற்பகலில் மொட்டை மாடியில் நின்று கேளுங்கள்.

மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம்

மேற்குத் தாம்பரத்தையும் முடிச்சூரையும் ஒன்றாகச் சொல்வதே தவறு. ரயில் நிலையத்துக்கும் சண்முகம் சாலைக் கடைத்தெருவுக்கும் நடந்து போகிற தூரத்தில் உள்ள பழைய தெருக்கள் மேடானவை, வசதியானவை. காய்கறி, மளிகை, துணி, பாத்திரம், மருத்துவமனை எல்லாம் நடக்கிற தூரத்தில் கிடைக்கும். வயதான பெற்றோரோடு இருப்பவர்களுக்கு மூன்று பகுதிகளிலும் இதுதான் சிறந்தது என்பது எங்கள் கணிப்பு. பழைய வீடுகள்தான் கிடைக்கும், வண்டி நிறுத்த இடம் இருக்காது. அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து முடிச்சூர் சாலையில் மேற்கே போகப் போக நிலம் இறங்குகிறது. விலையும் இறங்குகிறது. ஒரகடம், படப்பை, ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் வேலை என்றால் இந்தப் பக்கம் மிகப் பொருத்தம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலை பக்கத்திலேயே இருக்கிறது, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகும் வெளிவட்டச் சாலையும் இருக்கிறது. கிணற்று நீர் கிழக்கைவிட இங்கே எளிதில் கிடைக்கும். நஞ்சை நிலமாக இருந்த இடம் அல்லவா!

அந்த ‘நஞ்சை’ என்ற சொல்தான் இங்கே கவனிக்க வேண்டியது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த வயலுக்குத் தண்ணீர் தானாகப் பாயும்படியே நம் முன்னோர் ஏரியைக் கட்டினார்கள். அந்த வயலில் வீடு கட்டினாலும் தண்ணீர் பழைய வழியில்தான் வரும். முடிச்சூர், வரதராஜபுரம் மனைப்பிரிவுகளில் பல அப்படிப்பட்டவை. ராயப்பா நகர், அஷ்டலட்சுமி நகர் போன்ற பெயர்கள் ஒவ்வொரு வெள்ளச் செய்தியிலும் வருவதற்கு இதுவே காரணம்.

வெள்ளம் வராத வருடத்திலும் ஒரு தொல்லை உண்டு. கார்த்திகையில் நிலத்தடி நீர் மட்டம் தரையை ஒட்டி வந்துவிடும். பாதாளச் சாக்கடை வராத தெருவில் செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீருக்கு இறங்க இடமிருக்காது. கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் மெதுவாகப் போகும், பிறகு திரும்பி வரும். லாரி வைத்து எடுத்தாலும் இரண்டு நாளில் மண்ணின் ஊற்று நீரே தொட்டியை நிரப்பிவிடும். புதிதாகக் கட்டுகிறவர்கள் தொட்டியின் சுவரும் அடித்தளமும் நீர் புகாத கான்கிரீட்டாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, கழிவறைக் கோப்பையின் மட்டத்தைச் சாலையைவிட நன்றாக உயர்த்த வேண்டும். கட்டிய வீடு வாங்குகிறவர்கள் தரைத்தளக் கழிவறையை மழைக்காலத்தில் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

மனையை உயர்த்திக்கொள்ளலாம் என்று தரகர் சொல்வார். கணக்குப் போடுங்கள். 1,200 சதுர அடி மனையை 3 அடி உயர்த்த 3,600 கன அடி மண் வேண்டும். 100 கன அடி ஒரு யூனிட். ஆக 36 யூனிட். தண்ணீர் விட்டு இறுக்கினால் மண் அமுங்கும், அதற்குக் கால் பங்கு கூட்டினால் 45 யூனிட். 3 யூனிட் பிடிக்கும் லாரியில் 15 நடை. அதற்குமேல் சுற்றிலும் மண்ணைத் தாங்கும் சுவர் வேண்டும். சாதாரண மதில் தாங்காது, முதல் மழையிலேயே வெளிப்பக்கம் சாயும். புது மண்ணின் மேல் அடித்தளம் போடவும் கூடாது. தோண்டும் ஆழம் பழைய கெட்டி மண்ணைத் தொட வேண்டும். இந்தச் செலவையெல்லாம் மனை விலையோடு சேர்த்துப் பார்த்தால் கிழக்கோடு இருந்த விலை வித்தியாசம் நன்றாகச் சுருங்கிவிடும். மண்ணைக் கொட்டுவதைவிடத் தூண்களில் நிறுத்தி, கீழே வண்டி நிறுத்தம் மட்டும் வைத்து, முதல் மாடியிலிருந்து குடியிருப்பது நல்லது. மின் மீட்டர், இன்வெர்ட்டர், மோட்டார் சுவிட்ச் எல்லாம் மேலே ஏற வேண்டும். அண்டை வீட்டுக்குள் நம் தண்ணீரைத் தள்ளிவிட்ட பழியும் இருக்காது.

பெருங்களத்தூர், வண்டலூர்

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து வண்டலூரின் மதிப்பு மாறிவிட்டது. அடிக்கடி ஊருக்குப் போகிற தென்மாவட்டக் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி. அதே முனையத்தால் பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாட்களும், விடுமுறை முடிந்து திரும்பும் ஞாயிறு இரவும் ஜி.எஸ்.டி சாலை நகராது. கேளம்பாக்கம் சாலை வழியாக மாம்பாக்கம், சிறுசேரி போகலாம். வெளிவட்டச் சாலையில் மேற்கே போகலாம். பெருங்களத்தூருக்கு அருகில் இரும்புலியூரிலிருந்து மதுரவாயல், புழல் போகும் பைபாஸ் தொடங்குகிறது. சாலை வசதியில் மூன்றிலும் இதுவே முதல். கணவனுக்கு ஒரகடம், மனைவிக்குச் சிறுசேரி என்று வேலை பிரிந்து கிடக்கும் வீடுகளுக்கு வண்டலூர்தான் நடுப்புள்ளி.

ரயிலில் நிலைமை வேறு. கடற்கரையிலிருந்து வரும் புறநகர் ரயில்களில் கணிசமானவை தாம்பரத்தோடு திரும்பிவிடும். செங்கல்பட்டு வரை போவது அவற்றில் ஒரு பகுதிதான். தாம்பரத்தில் ஏறுகிறவருக்கு அங்கேயே புறப்படும் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். வண்டலூரில் ஏறுகிறவருக்குச் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் நிரம்பி வந்த வண்டிதான் கிடைக்கும். மாம்பலத்துக்கோ எழும்பூருக்கோ தினமும் போய் வருபவர் இதைத் தள்ளிவிட முடியாது. அட்டவணையை எடுத்து, நீங்கள் ஏறும் ஒரு மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் எத்தனை வண்டி, வண்டலூரில் எத்தனை வண்டி என்று எண்ணிப் பாருங்கள்.

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு 15 கி.மீ.க்குச் சற்று மேல் நீளும் மெட்ரோ திட்டத்தைக் காட்டி விலையைக் கூட்டுகிறார்கள். தூண் எழும்பாத மெட்ரோவுக்கு இன்றைக்குப் பணம் கொடுக்காதீர்கள். இன்று இருக்கிற பேருந்தையும் ரயிலையும் வைத்தே விலை பேசுங்கள்.

பீர்க்கன்காரணை, நெடுங்குன்றம் பக்கம் காட்டை ஒட்டிய மனைகள் அழகானவை. காற்று நன்றாக இருக்கும். அங்குள்ள ஏரிகளில் முதலைகள் உண்டு. மிக்ஜாம் மழையின்போது ஒன்று சாலையைக் கடந்ததை ஊரே பார்த்தது. காப்புக்காட்டு எல்லையை ஒட்டி மனை வாங்கினால் வனத்துறையின் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று நில அளவரை வைத்து அளந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

எந்தப் பக்கமானாலும் பார்க்க வேண்டியவை

ஒரு தெருவின் வெள்ள வரலாறு அதன் சுவர்களிலேயே இருக்கிறது. காலியாகக் கிடக்கும் மனையின் மதிலைப் பாருங்கள். வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், காலி மனை மதிலுக்கு யாரும் அடிப்பதில்லை. நேர்கோடாகப் பழுப்புக் கறை இருந்தால் தண்ணீர் அதுவரை நின்றது. தெருவில் மின் மீட்டர் பெட்டிகள் தலைக்கு மேல் இருந்தால் காரணம் கேளுங்கள். வாசற்படியில் கீழிறங்கி நுழைகிற வீடுகள் இருந்தால், சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டிருக்கிறார்கள்; அந்தத் தெருவில் சாலை இன்னும் உயரும்.

மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்குழாய் போதும். 10 மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை முதன்மைச் சாலையோரத்திலும் மற்றதை அடுத்த புள்ளியிலும் பிடித்து, தண்ணீர் நிற்கும் உயரத்தை இரண்டு பக்கமும் தரையிலிருந்து அளந்து குறித்துக்கொண்டே மனை வரை போங்கள். வித்தியாசங்களைக் கூட்டினால் மனை சாலையைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது அங்குலக் கணக்கில் வந்துவிடும். இரண்டு பேர், அரை மணி நேர வேலை.

காகிதத்தில் பட்டாவோடு நிற்காதீர்கள். புல வரைபடத்தில் மனையைத் தொட்டு ஓடையோ வாய்க்காலோ கோடாகப் போகிறதா பாருங்கள். தரையில் அது தூர்ந்து போயிருந்தாலும் மழைக்கு அது தெரியும். கிராம நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று இருக்கும். 30 வருட வில்லங்கச் சான்று எடுங்கள். தாம்பரம், முடிச்சூர், வண்டலூர் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எல்லைக்குள் வருபவை. வண்டலூரைத் தாண்டி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் பழைய மனைப்பிரிவுகளின் ஒப்புதல் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) பெயரில் இருக்கும், அது குறை அல்ல. எந்த ஒப்புதலும் இல்லாத மனை, 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானதாக இருந்து வரன்முறை ஆணையும் (ஒப்புதல் இல்லாத மனையை முறைப்படுத்தித் தரும் ஆணை) கையில் இருந்தால் மட்டும் பேசுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேலோ, 8 வீடுகளுக்கு மேலோ உள்ள புதுத் திட்டம் என்றால் ரெரா (வீடு, மனைத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண் கேளுங்கள்.

பதிவுச் செலவு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்குப் பத்திரம் என்றால் 5 லட்சத்து 40 ஆயிரம். இந்தத் தொகையை வீட்டுக் கடன் தராது; கையில் இருக்க வேண்டும்.

முடிச்சூர்ப் பக்கம்தான் வரவு செலவுக்கு ஒத்துவருகிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை என்பவர்கள், அதே தெருவில் புரட்டாசி முதல் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குக் குடிபோங்கள், அதுவும் தரைத்தளத்தில். ஒரு வடகிழக்குப் பருவமழையும் ஒரு கோடையும் அதற்குள் வந்துவிடும். தெருவில் தண்ணீர் எந்த முனையிலிருந்து ஏறுகிறது, எந்த வீட்டு வாசலில் நிற்கிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். தை பிறந்ததும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.